மாமி மேடைக்குக் கொண்டுவந்த தயிர் வாளி

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குப் போனால் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். போகும்போது கையில் ஏதாவது ஒரு பை இருக்கும். திரும்பும்போது அந்தப் பைக்குள் ஏதாவது ஒரு செடி இருக்கும். மெல்பேர்ணில் கறிவேப்பிலைக் கன்று பரவிய வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், அதில் பாதி என் மாமியாரின் கைப்பையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இந்த அருமையான பழக்கத்தால் ஒரு முறை ஒரு விழாவையே பூட்டி, வந்தவர்களை ஒரு பின்னேரம் முழுவதும் உள்ளே வைத்திருக்க நேர்ந்தது. அதற்குக் காரணமானவன், அப்படி ஒன்று நடக்காமல் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். அதாவது, நான்.

அந்தக் காலத்தில் டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். உறைந்த மரக்கறிப் பெட்டிகளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைப்பதுதான் வேலை. (அடுத்த கிழமை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்.) ஊரில் படித்த படிப்புக்கு ஒரு மேசையும் கதிரையும் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நகரத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் தள்ளி ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வைன் செய்கிறவர்களின் பிராந்தியச் சங்கத்துக்கு ஒரு தொடர்பாடல் அலுவலர் தேவையாம்.

நான் வைனை மணந்துகூடப் பார்த்ததில்லை. நேர்முகத்தில், "உனக்கு என்ன மாதிரி வைன் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். பயத்தில், "திராட்சையில் செய்தது" என்றேன். நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவன் என்று முடிவுகட்டி வேலையைத் தந்துவிட்டார்கள். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு பார்த்து நிரந்தரம். என் மனைவி வாசுகி அப்போது முதல் பிள்ளைக்கு வயிற்றோடு இருந்தாள். பண்டகசாலை வேலையை ஏற்கெனவே விட்டுவிட்டேன். ஆகவே அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லை இரவில் படுக்கும்போதும் மனதுக்குள் உருட்டிக்கொண்டுதான் படுப்பேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று மாமி சோறு போட்டுக்கொண்டிருந்தார். மாமி என்றால் வாசுகியின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன தம்பி, சாராயக் கடையிலயோ வேலை எடுத்தனீங்கள்?"

"கடை இல்லை மாமி. சங்கம்."

"என்ன சங்கம்?"

"வைன் செய்யிற ஆக்கள் எல்லாரும் சேந்து நடத்துற சங்கம்."

சங்கம் என்றதும் மாமியின் முகம் தெளிந்தது. அது அவருக்குத் தெரிந்த உலகம்.

"தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இருக்கினமோ?"

"ஓம் மாமி."

"எவ்வளவு காலமா இருக்கு?"

"நாப்பது வருசத்துக்கு மேல இருக்கும்."

"இன்னும் ரெண்டா உடையேல்லையோ?"

"இல்லை மாமி. ஒண்டாத்தான் இருக்கு."

"அப்ப அது என்ன சங்கம்!" என்று சொல்லிக் கரண்டியை மறுபடி கறிச்சட்டிக்குள் விட்டார். பிறகு என் தட்டின் ஓரத்தைப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கறிவேப்பிலையை ஏன் தம்பி ஒதுக்கி வைக்கிறியள்? நான் என்ன அழகுக்கே போட்டனான்?" கறிவேப்பிலையை மெல்லுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது. மாமிக்கும் எனக்கும் இடையில் தீர்க்கப்படாத ஒரே பிணக்கு அதுதான், அந்த நாள் வரும்வரை.

(உறவினருக்கெல்லாம் மாமி, "எங்கட மருமகன் பழச்சாறு டிப்பார்ட்மென்டில இருக்கிறார்" என்றுதான் சொல்லிவந்தார். அதில் முழுப் பொய் என்று எதுவும் இல்லை.)

உண்மையில் அந்தச் சங்கத்துக்கு என்ன வேலை என்று எனக்கே போய்த்தான் தெரிந்தது. வைன் செய்வது சங்கம் இல்லை. ஒவ்வொரு தோட்டக்காரரும் தன் தன் வைனைத் தானே செய்துகொள்கிறார், அடுத்தவருடையது கொஞ்சம் புளிப்பு என்று தாழ்ந்த குரலில் சொல்லியும் கொள்கிறார். ஆனால் தனித்தனியே செய்ய முடியாத காரியங்கள் இருக்கின்றன. தெருவில் வழிகாட்டிப் பலகை வைக்கவேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் நிற்குமிடத்தில் கழிப்பறை வேண்டும் என்று நகரசபையோடு மல்லுக்கட்டவேண்டும். சிட்னியிலிருந்து வருகிற உணவகக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாத் தோட்டத்தையும் சமமாகக் காட்டவேண்டும். யாருடைய தோட்டத்தை முதலில் காட்டுவது என்ற சண்டையைத் தீர்க்கவேண்டும். இதெல்லாம் சங்கத்தின் வேலை. அலுவலகத்தில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் ஹெலன், நிர்வாகி. மற்றவன் நான்.

இவை எல்லாவற்றிலும் பெரிய வேலை ஒரு பூச்சியைப் பற்றியது.

முதல் கிழமையே சங்கத் தலைவர் கெவின் என்னைத் தன் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். எழுபது வயது, பனைமரம் போல உயரம், பேச்சு குறைவு. ஒரு கொடியைத் தொட்டுக் காட்டினார். என் தொடையளவு தடித்து முறுக்கிக்கொண்டு நின்றது அது.

"இது என் பாட்டன் நட்டது. ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்கிறது" என்றார். (கெவின் பேசியது ஆங்கிலம்தான். ஏனோ என் ஞாபகத்தில் எல்லாம் தமிழிலேயே கிடக்கிறது.)

பிறகு அந்தப் பூச்சியைப் பற்றிச் சொன்னார். பெயர் பிலோக்செரா. எள்ளைவிடச் சிறியது, மஞ்சள் நிறம். திராட்சை வேரில் குடியிருந்து வேரையே தின்னும். மருந்து கிடையாது. வந்துவிட்டால் கொடிகளைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. வேறு சில பிரதேசங்களில் இருக்கிறது, இந்தப் பள்ளத்தாக்கில் இதுவரை இல்லை. வருவது எப்படி? யாராவது ஒருவருடைய சப்பாத்தில் ஒட்டிய மண்ணில், அல்லது வெளியிலிருந்து யாரோ ஆசையாகக் கொண்டுவரும் ஒரு திராட்சைக் கன்றில்.

"ஒரு சிட்டிகை மண் போதும், கூகன்" என்றார். என் பெயர் குகன். அவர் சொன்ன விதத்தில் நான் திருத்தம் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கொடியை அவர் தடவிய விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் மறந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஆவேசம் பிடித்துக்கொண்டது. சப்பாத்துப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு கிழித்து, ஒரு சுவரொட்டி தயாரித்தேன். எல்லா வாசலிலும் ஒட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் கிருமிநாசினித் தொட்டி வைப்பித்தேன். அவசர நிலைமை வந்தால் யார் என்ன செய்யவேண்டும் என்று ஒரு திட்டமும் எழுதி, சுவரில் சட்டம் போட்டு மாட்டினேன். ஹெலன் ஒரு மஞ்சள் மேலங்கி தந்தார். இருட்டிலும் பளபளக்கும் ரகம். அதைப் போட்டுக்கொண்டால் எனக்குள் ஒரு பொலிஸ் அதிகாரி வந்து உட்கார்ந்துகொள்வார். வீட்டிலும் சில நாட்கள் கழற்றாமல் இருந்திருக்கிறேன். வாசுகி பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆறாவது மாதம் அறுவடை முடிந்ததும், சங்கத்தின் நன்றி நாள் வந்தது. கெவினின் பெரிய கொட்டகையில், சீமெந்துத் தரையில் மேசைகள் போட்டு, தோட்டக்காரர், வேலையாட்கள், குடும்பங்கள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. நான் பூச்சியைப் பற்றி உரையாற்றவேண்டும். அதற்குப் பிறகு கெவின் பேசுவார். "நல்ல செய்தி ஒன்று சொல்ல இருக்கிறார். வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வா" என்று ஹெலன் கண்ணைச் சிமிட்டினார். நிரந்தரம்! நான் அன்றிரவே புதுச் சட்டை வாங்கிவிட்டேன்.

காலையில் காரடிக்கு மாமி மூன்று பைகளோடு வந்தார். காஞ்சிபுரம் கட்டியிருந்தார், பழச்சாறு டிப்பார்ட்மென்டின் கௌரவத்துக்காக.

"இது ரோல்ஸ். இது வடை. இதை மட்டும் சரிக்காமல் வையுங்கோ தம்பி."

மூன்றாவது, ஆழமான ஒரு நீலப் பை. அதன் வாயை மூடிக்கொண்டு மடித்த பட்டுச் சால்வை ஒன்று தெரிந்தது.

"என்ன மாமி இது?"

"அது தலைவருக்கு. உங்களுக்கு வேலை தந்த மனிசன். வெறுங்கையோட போய் நிக்கேலுமே?"

சால்வையைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. பொன்னாடை! கீழே பாயாச வாளியாக்கும், அதுதான் சரிக்கவேண்டாம் என்கிறார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். வாசுகி அந்தப் பையைத் தன் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். உள்ளே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

வாசலில் பெரிய வரிசை. ஜூடி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒவ்வொருவரையும் நிறுத்தி, "செடி, பழம், மண் ஏதாவது கொண்டுவருகிறீர்களா?" என்று கேட்டு, பையைப் பார்த்து, சப்பாத்தைத் தொட்டியில் நனைக்க வைத்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

மாமி தொட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். தடுப்பதற்குள் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வெறுங்காலோடு கிருமிநாசினிக்குள் இறங்கி ஏறினார்.

"காலைக் கழுவித்தான் உள்ள விடுகினம். கோயில் மாதிரி! நல்ல மனிசர்" என்றார் வாசுகியிடம்.

ஜூடி நீலப் பையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் மேலங்கி பளபளக்கக் கையை உயர்த்தினேன்.

"இவர்கள் என் ஆட்கள், ஜூடி. விடுங்கள்."

நம் சங்க விழாக்களில் செயலாளர் தன் குடும்பத்தை வரிசைக்குப் பக்கத்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்து எத்தனையோ தரம் பல்லைக் கடித்தவன் நான். ஒரு மேலங்கி கிடைத்ததும் அச்சு அசலாக அதையே செய்தேன். பையையும் நானே தூக்கிக்கொண்டு போய், முன்வரிசையில் மாமியின் காலடியில் பக்குவமாக வைத்தேன். சரிக்கவில்லை.

என் உரை பிரமாதமாக அமைந்தது. பூச்சியின் படத்தைத் திரையில் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். வேர் அழுகும் படத்தைக் காட்டினேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இன்றைக்கு யாராவது ஒரு சின்னக் கன்றை இந்தக் கொட்டகைக்குள் கொண்டுவந்தால், அது இந்தப் பள்ளத்தாக்குக்கு வைக்கும் கொள்ளி" என்றேன். (ஆங்கிலத்தில் கொள்ளிக்கு வேறு ஏதோ சொன்னேன். மனதில் இருந்தது கொள்ளிதான்.) கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. மாமி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

கெவின் மேடைக்கு வந்தார். என் தோளில் கையை வைத்தார்.

"இந்த இளைஞனைப் பற்றி ஒரு வார்த்தை. கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனிமேல் கூகன் நம்மோடு நிரந்தர..."

அந்த இடத்தில் மாமி எழும்பினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் விழாக்களில் தலைவர் எழும்பி யாருடைய தோளிலாவது கையை வைத்தால், அடுத்தது கௌரவிப்பு. மாமி நீலப் பையோடு மேடைக்கு ஏறி, சால்வையை உருவி, கெவினுக்குப் போர்த்தினார். அவர் பனைமரம், இவர் குறுணி. கெவினே குனிந்து கொடுத்தார். கூட்டம் ஆரவாரித்தது. எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு பைக்குள் பார்த்தேன். சால்வை இருந்த இடத்தில் ஒரு இலை தெரிந்தது.

திராட்சை இலையை நான் ஆறு மாதமாகச் சுவரொட்டியில் வரைந்துகொண்டிருப்பவன். எனக்குத் தெரியும்.

மாமி இரண்டு கையாலும் அதை வெளியே எடுத்தார். வெள்ளைத் தயிர் வாளி, அதற்குள் கொழுகொழுவென்று ஒரு திராட்சைக் கன்று. தண்டில் சிவப்பு ரிப்பன் கட்டி, வாளியில் மூன்று குறி சந்தனமும் வைத்திருந்தார். "வெரி குட் கிரேப். மை ஹவுஸ்" என்று சொல்லிக் கெவினின் கையில் கொடுத்தார். வாளியின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று போட்ட ஓட்டைகளால் ஈர மண் கெவினின் சப்பாத்தில் சொட்டியது.

கொட்டகை அப்படியே உறைந்துவிட்டது. சற்றுமுன் அழுத பிள்ளைகூட நிறுத்திவிட்டது. என் வாய் தன்பாட்டில் தமிழ் பேசியது. கையில் ஒலிவாங்கி இன்னும் இருந்தது.

"ஐயோ மாமி! என்ன வேலை பாத்தனீங்கள்!"

"ஏன் தம்பி, வேர் நல்லாப் பிடிச்சிருக்கு."

"வேரைப் பற்றித்தானே இவ்வளவு நேரமும் கத்தினனான்!"

"ஓம், வேர்ப் படம் காட்டினீங்கள். கன்று தட்டுப்பாடாக்கும், நல்ல நேரம் கொண்டுவந்தனான் எண்டு நினைச்சன்."

கெவின் வாளியைக் கீழே வைக்கக் குனிந்தார். "வைக்கவேண்டாம்!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்தார். அடுத்து என்ன செய்வது? அதற்குத்தானே திட்டம் இருக்கிறது! ஹெலன் சுவரில் மாட்டியிருந்த சட்டத்திடம் ஓடினார். நான் எழுதிய அவசரத் திட்டத்தின் முதல் வரியைப் படித்தார். கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். என் காற்சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

முதல் வரி: உடனடியாகத் தொடர்பாடல் அலுவலரை அழைக்கவும்.

இன்னமும் எனக்கு விளங்காத ஒரு காரியம், நான் அந்த அழைப்பை எடுத்ததுதான். ஹெலன் எனக்கு முன்னால் நிற்கிறார். நான் "ஹலோ" என்கிறேன்.

இரண்டாவது வரி, வாசலைப் பூட்டவேண்டும் என்றது. பூட்டினோம். மூன்றாவது வரி, செடியைத் தொட்டவர் அசையக்கூடாது என்றது. ஆகவே சங்கத் தலைவர், நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர், பட்டுச் சால்வையோடும் சந்தனம் வைத்த தயிர் வாளியோடும் மேடை நடுவில் நின்றார். கலியாண வீட்டில் நிறைகுடம் ஏந்தியவர் போல அசையாமல் நின்றார். ஜூடி கிருமிநாசினியோடு வந்து அவரைச் சுற்றிவர விசிறினார். நல்ல காலம், தரை சீமெந்து, மண் மேடையைத் தாண்டவில்லை. ஆனால் கொட்டகைக்கு வெளியே பாதையைக் கடந்தால் அந்தப் பாட்டனின் கொடிகள். கெவின் வாளியைப் பார்க்கவில்லை. கொட்டகையின் ஜன்னல் வழியாக அந்தக் கொடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையைக் கண்டபோதுதான் எனக்கு என் வேலை, நிரந்தரம், புதுச்சட்டை எல்லாம் மறந்துபோனது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அழவேண்டும் போல இருந்தது. மேலங்கியோடு அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

நான்காவது வரியின்படி அழைத்த அரசாங்க அதிகாரி, ஒரு பெண், வெள்ளை உடுப்பால் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு வந்து சேரும்வரை யாரும் வெளியே போகவில்லை. அதுவரை கூட்டத்தைக் காப்பாற்றியது மாமியின் ரோல்ஸ். நடந்தது இன்னதென்று வாசுகி காதுக்குள் சொல்லியிருந்தாள். மாமியின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் பசியோடு நூறு பேர் இருக்கும்போது அவரால் சும்மா உட்கார முடியாது. மேசை மேசையாகப் போய், "சொரி, சொரி" என்று சொல்லியபடி ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் வைத்தார். கெவினுக்குக் கை ஓய்வில்லை என்று தானே ஊட்டியும் விட்டார்.

பிறகு விசாரணை. மொழிபெயர்ப்பாளர் நான்.

"இந்தக் கன்று எங்கிருந்து வந்தது?"

"பக்கத்து வீட்டு கிரேக்க அங்கிள் தந்தவர். நான் அவருக்குக் கறிவேப்பிலைக் கன்று குடுத்தனான்."

"அவருக்கு எங்கிருந்து?"

"அவற்ற மச்சான் எங்கயோ தோட்டத்தில வேலை செய்தவராம். அங்கையிருந்து தடி வெட்டிக்கொண்டு வந்தவர்."

அதிகாரியின் முகம் மாறியது. என் முகம் ஏற்கெனவே மாறியிருந்தது.

"வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?"

இந்தக் கேள்வியை மொழிபெயர்க்கும்போதே மாமியின் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்புவதைக் கண்டேன். வேண்டாம் மாமி என்று கண்ணால் கெஞ்சினேன்.

"குடுக்காமல்? கிரெய்கிபர்ன் தங்கமலர் அன்ரிக்கு ரெண்டு. கோயில் ஐயருக்கு ஒண்டு. பல் டொக்டருக்கு ஒண்டு. பஸ்ஸில சந்திச்ச ஒரு பிள்ளைக்கு ஒண்டு, பேர் தெரியாது, நல்ல பிள்ளை."

அடுத்த கிழமை மெல்பேர்ண் தமிழரில் பலருக்கு, திராட்சைக் கன்று இருக்கிறதா என்று அரசாங்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஐயர் பூசை நடுவில் பதில் சொன்னாராம். தங்கமலர் அன்ரி தன் விசாவில் ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் குடியுரிமை எடுத்துப் பல காலம்.

கன்றைப் பிரேதம் போலப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். வேரையும் மண்ணையும் சோதிக்கவேண்டும், பிறகு எரித்துவிடுவார்கள். அதிகாரி காரில் ஏறும் நேரம் மாமி என் முழங்கையைச் சுரண்டினார்.

"தம்பி, கன்று போனால் போகட்டும். அந்த வாளியைத் திருப்பித் தருவினமோ எண்டு கேளுங்கோ. மூடியோட இருக்கிற வாளி."

நான் கேட்கவில்லை. வாளியும் எரிந்தது. அவுஸ்திரேலிய அரசாங்கத்தை மாமி மற்ற எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டார், அந்த வாளிக்கு மட்டும் இல்லை.

முடிவு வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். யாரும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. ஜூடிகூட, "நான் பையைப் பார்க்கத்தான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார், அதுவும் மெதுவாக. கெவின் காலையும் மாலையும் பாட்டனின் கொடிகளுக்கிடையில் நடப்பதை அலுவலகத்துக்குப் போய்வரும் வழியில் காண்பேன். காரை நிறுத்தத் துணிவு வராது. வீட்டில் மாமி கன்று, செடி என்ற சொற்களையே எடுப்பதில்லை. ஒரு நாள் நானே தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்காமல் தின்றேன். அவர் கவனிக்கவில்லை. அவ்வளவு மனவருத்தம்.

பூச்சி இல்லை என்று செய்தி வந்த அன்று ஹெலன் அலுவலகத்தில் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். கெவின் நேரே அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். வேலையை விட்டு நானே போய்விடுகிறேன் என்று காரில் ஒத்திகை பார்த்த வசனத்தைத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இந்தச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து பூச்சியைப் பற்றிப் பேசுகிறோம். சாப்பாடு எப்போது என்றுதான் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது சப்பாத்துக் கழுவாதவன் ஒருவன் இல்லை" என்றார். பிறகு, "அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. நிரந்தரம் என்றுதான் சொல்ல வந்தேன். கமிட்டி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது" என்றார்.

என்ன நிபந்தனை என்று கேட்டேன்.

"அடுத்த வருடம் வாசலில் ஜூடியோடு உன் மாமியார் நிற்கவேண்டும். உன்னை அவரால் மட்டும்தான் நிறுத்த முடியும்."

மாமியிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. நம்பியதும் கேட்ட முதல் கேள்வி, "அந்த மஞ்சள் சட்டை தருவினமோ?" என்பதுதான். தந்தார்கள். சேலைக்கு மேலே போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நன்றி நாளிலும் மாமிதான் வாசல். "ஓப்பன் பேக்" என்ற இரண்டு சொல்லோடு பள்ளத்தாக்கையே ஆளுகிறார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் கோட்டுப் பையிலிருந்து அப்பிள் ஒன்றைப் பறிமுதல் செய்திருக்கிறார். வீட்டிலும் யாராவது எங்காவது புறப்பட்டால், "பையைத் திறந்து காட்டிப்போட்டுப் போங்கோ" என்பது எங்கள் குடும்பத்தில் 'போயிட்டு வாறன்' சொல்வதற்குச் சமமாகிவிட்டது. பொன்னாடையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் கெவின், வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அதைப் போர்த்திக்கொண்டு வாசலில் மாமிக்குப் பக்கத்தில் நிற்பார்.

இந்த வருட நன்றி நாளில் எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. மாமி என் தோள்பையைத் திறந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். காலையில் அவரே கட்டித் தந்த சோறும் பருப்பும். விரலை விட்டுக் கிளறி, ஒரு கறிவேப்பிலையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"இலை இருக்குத் தம்பி."

"மாமி, அது நீங்கள் போட்டதுதானே!"

"ஆர் போட்டால் என்ன? இலை இலைதான். உள்ள கொண்டுபோகேலாது."

"திராட்சை இல்லையே மாமி. அவிஞ்ச இலை."

"ஜூடி!" என்று கூப்பிட்டார். ஜூடி வந்து பார்த்து, மிகவும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். கெவின் சால்வையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"திண்டுபோட்டுப் போங்கோ" என்றார் மாமி.

தின்றேன். மென்றுதான் தின்றேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.